அன்செல்மோவின் பதினைந்து நாள் லீவு

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் வல்யாதோலித் நகரத்தில் ரொட்டி வாங்க வேண்டுமென்றால் மூன்று தெரு நடக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கி, "லீவு. செப்டம்பர் முதல் தேதி திறப்போம்" என்று கையால் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பியிருப்பார். முடிவெட்டுகிறவர் போயிருப்பார், சாவி செய்கிறவர் போயிருப்பார், பல் டாக்டரும் போயிருப்பார். பல்வலி வந்தால் செப்டம்பர் வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். காரின் தலையில் சைக்கிளைக் கட்டி, பிள்ளைகளைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டு, ஊரே கடலைப் பார்க்கவோ பிறந்த கிராமத்தைப் பார்க்கவோ போய்விடும். போகாமல் மிச்சம் இருக்கிறவர்களில் ஒருவன் அன்செல்மோ.

அவனுக்கு ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடி ஜாடித் தொழிற்சாலையில் வேலை. ஆகஸ்டில் அங்கேயும் எல்லாம் நிற்கும், உலையைத் தவிர. உலையை அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே உருகிக் கிடக்கிற கண்ணாடி கல்லாக இறுகிவிடும், உலையையே இடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால் முறை போட்டுக்கொண்டு நான்கு பேர் அதைப் பார்த்துக்கொள்வார்கள். மூன்று பேர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார்கள். நாலாவது ஆள் இருபத்தாறு வருஷமாக அன்செல்மோதான்.

பிப்ரவரியில் லீவுப் பட்டியலைச் சாப்பாட்டு அறை வாசலில் ஒட்டுவார்கள். முப்பது நாள் லீவு எல்லாருக்கும் உண்டு, அது சட்டம். எந்த முப்பது நாள் என்பதில்தான் சண்டை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ளவர்களுக்கு முதலில் ஆகஸ்ட். அடுத்து, மனைவிக்கும் ஆகஸ்டில்தான் லீவு என்கிறவர்களுக்கு. அதற்கடுத்து மைத்துனி கல்யாணம் இருக்கிறவனுக்கு. கடைசியில் அன்செல்மோவுக்கு மிஞ்சுவது நவம்பர். "உனக்கென்னப்பா, பொண்டாட்டியா புள்ளையா, எப்ப எடுத்தா என்ன?" என்று முதல் வருஷம் யாரோ கேட்டார்கள். அவனும் தலையாட்டினான். ஒரு தடவை ஆட்டிய தலையை அப்புறம் நிறுத்தவே இல்லை. இந்த மாதிரி ஆளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவனுக்குத்தான் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. செவ்வாயிலோ வியாழனிலோ திருநாள் விழுந்தால், பக்கத்தில் மாட்டிக்கொள்கிற திங்களையோ வெள்ளியையோ சேர்த்து எடுத்து நான்கு நாளாக்கிக்கொள்வது இங்கே எல்லாரும் கற்றுக்கொள்ளாமலே அறிந்த வித்தை. அதற்குப் பாலம் என்று பேர். புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் ஜனங்கள் முதலில் பார்ப்பது அந்த வருஷம் எத்தனை பாலம் என்றுதான். எல்லாப் பாலத்திலும் உலை எரியும், பக்கத்தில் அன்செல்மோ இருப்பான். கூட வேலை பார்க்கிற ஹசிந்தோவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "பாலம்னா அடியில தூண் வேணுமில்ல? நீதான்டா எங்க தூணு" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அன்செல்மோவும் சிரிப்பான். வீட்டுக்குப் போய் ஒண்டியாகச் சாப்பிட உட்காரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மூன்று ராஜாக்கள் திருநாள் எல்லாவற்றுக்கும் மற்றவர்களுக்குப் பதிலாக அவன் நின்றான். அதற்கு ஈடாக ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கி வைத்திருந்தான். ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று மட்டும் அவனுக்குப் பதிலாக வேறொருவன் நிற்க வேண்டும். சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது பாதி உண்மை.

மீதிப் பாதியின் பெயர் கசில்தா. வில்யாபார்தா கிராமத்தில் அன்செல்மோ வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். பதினெட்டு வயதில் பில்பாவோவுக்குப் போய், தொழிலாளர் சீருடை தைக்கிற பட்டறையில் சேர்ந்தாள். முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று, இன்னும் அதே பட்டறைதான். ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. அப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, யாரையும் எடுக்க விடவும் இல்லை. பட்டறையில் லீவை இரண்டு துண்டாகத் தருவார்கள். முதல் துண்டு ஆகஸ்ட் ஒன்றிலிருந்து பதினைந்து வரை. அதற்கு ஊருக்கு வந்து அண்ணன் இலாரியோ வீட்டில் தங்குவாள். பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள், ஏனென்றால் பதினாறாம் தேதி காலை ஏழு மணிக்குத் தையல் மிஷின் முன்னால் உட்கார வேண்டும்.

அன்செல்மோவின் பஸ் பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு வில்யாபார்தாவில் நிற்கும். பதினொன்றிலிருந்து ஐந்து, ஆறு மணி நேரம். பூசை, மாதா சுரூபம் தெருவைச் சுற்றி வருவது, மதுக்கடையில் ஆளுக்கொரு வெர்மூத், இலாரியோ வீட்டில் ஆட்டுக்கறிச் சாப்பாடு, அப்புறம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை நடை. இருபத்திரண்டு வருஷமாக இவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்தால் ஆறு நாள்கூட ஆகாது. நடுவில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தன் இப்படியா இருப்பான் என்று கேட்டால், இருந்தான். அவளும் இருந்தாள்.

போன வருஷம் பஸ் படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்செல்மோ, வாட்சைப் பாக்காத ஆளா உன்னை ஒரு தடவையாவது பாக்கணும் எனக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை என்று அன்செல்மோவுக்குப் பட்டது. திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்தான். அடுத்த வருஷம் ஆகஸ்ட் முதல் பாதியை எப்படியாவது வாங்குவது, வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா, வல்யாதோலித்தில் இரண்டு அறை உள்ள வீடு இருக்கிறது, வருகிறாயா. ஐம்பத்தேழு வயதில் இதைக் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது. கேட்காவிட்டால் இப்படியே போய்ச் சேர வேண்டியதுதான் என்று பயமாகவும் இருந்தது. பயம்தான் ஜெயித்தது.

பிப்ரவரியில் பட்டியல் ஒட்டிய அன்றே, ஆகஸ்ட் ஒன்று முதல் பதினைந்து என்ற கட்டத்தில் பேனாவால் அழுத்தித் தன் பெயரை எழுதினான். சாப்பாட்டு அறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. உடம்புக்கு ஏதாவதா என்று ஒருவர் கேட்டார். அலுவலகத்துப் பெண் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கடைசியில் ஹசிந்தோதான் இறங்கி வந்தான். அவன் பிள்ளைகள் பெரியவர்களாகி அப்பாவோடு கடலுக்கு வர மறுக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். முதல் பாதியை விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் அடுத்த ஈஸ்டர் வாரமும் டிசம்பர் பாலமும் நீ எனக்காக நிற்க வேண்டும் என்றான். அன்செல்மோ பேரமே பேசவில்லை. அவனுக்கு இப்போது ஆகஸ்டில் பதினைந்து நாள், மீதிப் பதினைந்து வழக்கம்போல நவம்பரில்.

கசில்தாவுக்குக் கடிதம் எழுதினான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "சரி, வா." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்த இரண்டு வார்த்தையை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜூலை வரை திரிந்தான்.

ஆகஸ்ட் முதல் தேதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வில்யாபார்தாவில் இறங்கினான். அப்பா அம்மா வீட்டை விற்று வெகு நாளாகிவிட்டதால் மதுக்கடை மாடியில் ஓர் அறை பேசி வைத்திருந்தான். பெட்டியை வைத்துவிட்டு நேராக இலாரியோ வீட்டுக்குப் போனான். வாசலில் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. தலையில் கடற்கரைக் குடை, மடக்கு நாற்காலி. இலாரியோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தோளைத் தட்டினான். "நல்ல நேரத்துல வந்தப்பா. கசில்தாவுக்குப் பேச்சுத்துணை ஆச்சு. நாங்க பதினாலாம் தேதி சாயங்காலம் வந்துடுவோம்" என்றான். கார் அலிகாந்தே பக்கம் போய்விட்டது. வாசற்படியில் கசில்தா இடுப்பில் ஏப்ரனோடு நின்றாள். உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நிறுத்தாமல் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது அவள் அம்மா திமோத்தியா. தொண்ணூறு வயது, படுக்கையோடு ஏழு வருஷம். அம்மாவுக்கு முடியவில்லை, உள்ளே படுத்திருக்கிறாள் என்று அன்செல்மோவுக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி வரும்போது எட்டிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவான். வருஷம் முழுவதும் மகனும் மருமகளும் பார்த்துக்கொள்கிறார்கள், ஆகவே மகளுக்கு லீவு வரும்போது அவர்களுக்கு லீவு, இதுதான் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு என்று இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பதினைந்தாம் தேதியும் இலாரியோவின் மூக்குத் தோல் உரிந்து கிடப்பதை அவன் பார்த்திருக்கிறான். வயல் வெயில் என்று நினைத்திருந்தான், அது கடற்கரை வெயில். அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. மற்ற பதினோரு மாதமும் தூக்கித் துடைக்கிறவர்கள் அவர்கள்தான்.

ஆகஸ்டில் வில்யாபார்தா நிரம்பி வழியும். நாற்பது பேர் இருக்கிற ஊரில் பில்பாவோ, பார்சலோனா, மாட்ரித் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் வந்து நானூறு பேர் ஆகிவிடுவார்கள். தெருவில் பந்து, சதுக்கத்தில் பாட்டு, மதுக்கடையில் நிற்க இடம் இருக்காது. முதல் மூன்று நாள் அன்செல்மோ அந்தக் கூட்டத்தில் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டு, கசில்தா வெளியே வருவாள் என்று காத்திருந்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்காருவாள். அந்த அரை மணியில் கசில்தா ரொட்டியும் மருந்தும் வாங்கிக்கொண்டு ஓடுவாள், அவனைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு. உலைக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த ஆகஸ்டுகளில்கூட அவன் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

நாலாவது நாள் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போனான். அவள் சுட்ட சிவப்புக் குடமிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. சும்மா உக்காராத, நாலு உரி."

உரித்தான். கண்ணாடி வேலை செய்த கை, சூடு உறைக்கவில்லை. ஏன் இதையெல்லாம் சொல்லவே இல்லை என்று கேட்டான்.

"எதைச் சொல்றது? வருஷத்துல ஒரு நாள் வர்ற. அன்னிக்கும் அம்மாவோட மூத்திரத் துணியப் பத்தியா பேசறது?"

"மிச்சப் பதினஞ்சு நாள் லீவு?"

"நவம்பர். அதுவும் இங்கதான். அண்ணன் சரகோசாவுல மக வீட்டுக்குப் போயிடும்."

அவன் கை நின்றுவிட்டது. தன் லீவு நவம்பரில் என்பதை அவளிடம் அவன் சொன்னதே இல்லை. ஆகஸ்ட் கிடைக்காதவன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது? ஏழு நவம்பர் அவன் வல்யாதோலித்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்திருக்கிறான். அதே ஏழு நவம்பரும் அவள் இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இதே அடுப்படியில் தனியாக இருந்திருக்கிறாள். நவம்பரில் கிராமத்தில் யார் இருப்பார்கள் என்று அவனும், நவம்பரில் யாருக்கு லீவு இருக்கும் என்று அவளும் நினைத்திருந்தார்கள். இப்போது சொன்னான். அவள் இன்னொரு மிளகாயை எடுத்து உரித்தாள். அப்புறம், நவம்பரில் நீ என்னதான் செய்வாய் என்று கேட்டாள்.

ஒன்றும் செய்ய மாட்டேன் என்றான். ஒரே ஒரு தடவை, ஆசைப்பட்டு, சந்தாந்தேர் பக்கம் கடலுக்குப் போனதைச் சொன்னான். சொல்லும்போதே தன் மேல் அவனுக்குப் பரிதாபம் வந்தது. மணலில் ஓர் ஆள் இல்லை, கடைகளெல்லாம் பூட்டு, விடாத மழை. விடுதியில் இவனும், காது கேட்காத ஒரு கிழவரும் மட்டும். ஐந்து நாள் ஒரு மனுஷனோடு பேச்சு இல்லை. ஆறாம் நாள் தாங்காமல் திரும்பிவிட்டான்.

கசில்தா மிளகாயைக் கீழே வைத்தாள்.

"படுக்கையை யாரு விரிச்சா?"

"அங்க ஒரு பொம்பளை இருந்தா."

"சோறு?"

"கொண்டுவந்து வெப்பாங்க. சூப்பு, மீனு."

"சாப்பிட்ட தட்டு?"

"எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"அஞ்சு நாளும் யாரும் உன்னைக் கூப்பிடல?"

"யாரு கூப்பிடுவா?"

"அஞ்சு நாளு" என்றாள் அவள், தனக்குத்தானே. "அஞ்சு நாளு யாருமே கூப்பிடல."

உள்ளேயிருந்து திமோத்தியா கூப்பிட்டாள். கசில்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்செல்மோ மிளகாய்க்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். தான் பரிதாபமாகச் சொன்ன கதையை அவள் நாக்கில் தண்ணீர் ஊறக் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் கேட்க வந்த கேள்வியை உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். வல்யாதோலித்தில் ஒரு வீடு இருக்கிறது, வருகிறாயா. இதுவும் அவளைக் கூப்பிடுவதுதானே என்று தோன்றியது. இன்னொரு அடுப்படி, இன்னொரு படுக்கை, இன்னொரு தட்டு. ஆனாலும் கேள்வியை அவன் தூக்கிப் போட்டுவிடவில்லை. பதினைந்தாம் தேதிவரை நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் அவன் சிலது கற்றுக்கொண்டான். கிழவியை இடுப்புக்குக் கீழே கைகொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைக்க, பூண்டு சூப்பை ஆற்றிக் கரண்டி கரண்டியாக ஊட்ட. அவன் கை சூடாக இருக்கிறது என்று திமோத்தியாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. சில நாள் அவனைச் செத்துப்போன புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், சில நாள் யார் நீ என்று விரட்டினாள். வேலை முடிந்து இருவரும் மேஜையில் உட்கார்ந்தால், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கசில்தா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அவளை எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு வருவான். வெளியே சதுக்கத்தில் வெளிச்சம் போகாத வானத்தின் கீழே நானூறு பேரும் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டி மாடி அறைக்குப் போவான். அவளோடு இருக்கக் கிடைத்த நாட்கள் இவைதான் என்றும், தூங்குகிற ஒருத்தியோடுதான் இருக்கக் கிடைத்தது என்றும் நினைப்பான். இரண்டுமே உண்மை.

பதினாலாம் தேதி சாயங்காலம் இலாரியோ மூக்கு உரிந்து வந்து சேர்ந்தான். பதினைந்தாம் தேதி, எல்லா வருஷத்தையும்போல, பூசையும் ஊர்வலமும் வெர்மூத்தும் ஆட்டுக்கறியும் ஆயிற்று. கசில்தா நீலப் புள்ளி போட்ட உடுப்பு உடுத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாத ஆறு மணி நேரத்தைத் தெருவில் கைவீசி நடந்து கழித்தாள். நான்கரை மணிக்கு பஸ் நிற்கிற இடத்துக் கல்லில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் எதையோ கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்தே தெரிந்திருக்கும். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி இருந்தாள்.

"நவம்பர்ல நான் இங்க வர்றேன்" என்றான் அன்செல்மோ. "அம்மாவை நான் பாத்துக்கறேன். நீ கடலுக்குப் போ."

அவள் திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னைப் பாத்தா பாவமா இருக்கா உனக்கு?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

அவனுக்குப் பேச்சு வராது, வந்ததே இல்லை. அன்று வந்தது.

"இருபத்தாறு வருஷமா யார் யாருக்கோ பதிலா நின்னிருக்கேன் கசில்தா. ஹசிந்தோவுக்கு, அவன் தம்பிக்கு, பேர் ஞாபகமில்லாதவனுக்கெல்லாம். ஒரு தடவையாவது எனக்குப் பிடிச்ச ஆளுக்குப் பதிலா நிக்கறேனே."

பஸ் வந்தது. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள். கேட்க வந்த கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. இல்லை, ஞாபகம் இருந்தது. கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் கடிதம் வந்தது. பட்டறையில் நவம்பர் லீவை மாற்றவில்லை, அண்ணனிடம் பேசிவிட்டேன், கடலோர விடுதியில் சொல்லி வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். அண்ணனிடம் பேசியது சுலபமாக இருந்திருக்காது. ஊரான் ஒருவன் வந்து என் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பதா, ஊர் என்ன சொல்லும் என்று இலாரியோ குதித்தானாம். நவம்பரில் இந்த ஊரில் இருப்பது நாற்பது பேர், அதில் பாதிக்குக் கண் தெரியாது என்று அவன் மனைவிதான் அடக்கினாளாம். தொழிற்சாலையிலும் பேச்சு எழுந்தது. நவம்பரில் கிராமத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஹசிந்தோ கேட்க, தொண்ணூறு வயதில் ஒரு அம்மா இருக்கிறாள் என்று அன்செல்மோ உள்ளதைச் சொன்னான். அதிலிருந்து சாப்பாட்டு அறையில் கல்யாணம் எப்போது என்று அவனைக் கேட்காத ஆளில்லை.

சகல புனிதர் திருநாளன்று கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு, இலாரியோ இரண்டு பக்கத்துக்கு மருந்து நேரம் எழுதிக் கொடுத்துவிட்டு, சரகோசாவுக்குப் போனான். கசில்தா பில்பாவோவிலிருந்து நேராகக் கடலுக்குப் போனாள். அன்செல்மோ அவளைப் பார்க்கக்கூட இல்லை. அடுப்படி ஆணியில் அவள் ஏப்ரன் தொங்கியது. எடுத்துக் கட்டிக்கொண்டான், அவனுக்கு முடிச்சு எட்டவில்லை.

பனிமூட்டம் காலையில் இறங்கினால் மத்தியானம்வரை எதிர்வீடு தெரியாது. ஆகஸ்டில் பாட்டுக் கேட்ட வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ரொட்டி வண்டி வாரத்துக்கு மூன்று நாள் வந்து ஹாரன் அடிக்கும், அன்றைக்கு இரண்டு குரல் கேட்கலாம். மற்றபடி திமோத்தியா கூப்பிடுவாள், அவன் போவான். கொண்டைக்கடலை வேகவைப்பான், துணி அலசுவான், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பான். பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலம் வந்து சூப்பில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒவ்வொரு நாளும் கடலில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைப்பான். ஆறாம் நாள் தாங்க முடியாமல் திரும்பிவந்துவிடுவாள், தன்னைப்போல, என்று ஒரு மூலையில் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. வெட்கம்கெட்ட நம்பிக்கைதான். ஆறாம் நாள் மத்தியான பஸ் வந்தபோது, அடுப்பைத் தணித்துவிட்டு வாசலில் போய் நின்றும் பார்த்தான். ரொட்டிக்கார அம்மாளின் மருமகன் மட்டும் இறங்கினான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்குக் கூடத்தில் போன் அடித்தது.

"நான்தான்" என்றாள் கசில்தா. பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள், அவன் சொன்னான். மழையா என்று கேட்டான், விடாத மழை என்றாள். அதைச் சொன்ன குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவன் கேட்டதே இல்லை.

"இன்னிக்கு என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல." பொதுப் போனில் காசு விழுகிற சத்தம் கேட்டது. "அன்செல்மோ, நான் காலையிலேருந்து ஒண்ணுமே பண்ணல. கேக்குதா?"

"கேக்குது."

"ஜன்னலோரம் ஒரு மேஜை குடுத்திருக்காங்க. எதிர்ல ஒரு நாற்காலி. மொத நாளு அதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன், நீ இருந்தா நல்லாயிருக்குமேன்னு. ரெண்டாம் நாளும் அப்படித்தான்." மறுபடி காசு விழுகிற சத்தம். "மூணாம் நாளு அதை எடுத்துடச் சொல்லிட்டேன். காலை நீட்டி உக்காந்துக்கிட்டேன். கோவமா?"

அன்செல்மோவுக்கு நெஞ்சில் ஓர் இடத்தில் சுருக்கென்றது. அது கோபமில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு, கேட்காமலே, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல், அவள் பதில் சொல்லிவிட்டாள். வலித்தது. அவள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்பும் வந்தது.

"இல்ல" என்றான். "நல்லா நீட்டிக்கோ."

காசு தீர்ந்து போன் அறுந்தது. அவன் போனை வைத்தான். இன்னும் ஆறு நாள் இருந்தது அவளுக்கு. அவனுக்கும் அதே ஆறு நாள்தான். உள்ளே கிழவி கூப்பிட்டாள். பக்கம் மாற்றும் நேரம். போய்க் கீழே கைகொடுத்து அவளை ஜன்னல் பக்கம் திருப்பி, போர்வையை இழுத்துவிட்டான். திமோத்தியா அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இன்றைக்கு அவளுக்கு யாரையும் தெரியாத நாள்.

"நீ யாருப்பா?"

"லீவுல வந்திருக்கேம்மா" என்றான் அன்செல்மோ.